அண்ணன் வந்தால் மாட்டும் படம்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் ஒரு அம்மாவுக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிக் காதோரம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் போன் வந்தது. அப்போது எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நானே கூப்பிட்டேன். தொண்டையில் இருப்பது அதுதானாம். அவன் ஊரில் கதிர்வீச்சு மிஷின் இல்லை, இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது தடவை, ஆக ஆறு வாரம். அண்ணிக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது, படி ஏற முடியாது. அதனால் தனியாக வருகிறான். வரும் ஞாயிறு.

"ஆறு வாரம் உன் சமையலா? அதுக்கு அந்த மிஷினே தேவலாம்" என்றான். குரல் கரகரத்தது.

வா அண்ணே என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு அவன் தொண்டையைப் பற்றியது இல்லை. ஐயோ, அந்தப் படத்தை இறக்கி மாட்ட வேண்டுமே. அதுதான் வந்தது. நானெல்லாம் என்ன பிறவி?

மார்ச் 5, புதன்

அந்தப் படத்தைப் பற்றி இந்த நோட்டில் ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் முப்பத்து நான்கு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஓய்வு பெற்றதும் ஓவிய வகுப்பில் சேர்ந்திருந்தான். கத்தரிக்காய் வரைந்தான், குடை வரைந்தான், ஜன்னல் மேடையில் வைத்த செம்பை வரைந்தான். எல்லாம் நன்றாகவே இருந்தன. முதல்முதலாக ஒரு மனித முகத்தை வரைந்தது எனக்காகத்தான். என் கணவரின் முகம். மூன்றடி உயரம், எண்ணெய் வண்ணம். நான்கு மாதம் உட்கார்ந்து போட்டானாம். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். போர்வையை விலக்கிவிட்டு அவன் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"மாப்ள வந்துட்டாரா?" என்று கேட்டான்.

வரவில்லை. சட்டை அவருடையது. அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா. முகம் அவர் இல்லை. முப்பது வருடமாக ஊரார் முகத்துக்கெல்லாம் அளவெடுத்துக் கண்ணாடி மாட்டுகிறவள் நான். அவருடைய இரண்டு கருவிழிக்கும் நடுவே அறுபத்தொரு மில்லிமீட்டர். படத்தில் கண்கள் விலகிப்போய் நின்றன. தாடை பெட்டி மாதிரி இருந்தது. இடது காது வலது காதைவிடக் கீழே இருந்தது. அவருக்கு இரண்டும் ஒரே மட்டம்.

"வந்துட்டாரு அண்ணே" என்று சொல்லிவிட்டு அழுதேன். அவன் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டான். என் தலையில் கை வைத்தான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். யாரால் சொல்ல முடியும்?

மார்ச் 6, வியாழன்

மிச்சத்தையும் எழுதுகிறேன்.

பதினொரு நாள் ஹாலில் தொங்கியது. பன்னிரண்டாம் நாள் குளித்துவிட்டு வரும்போது அவரை நினைத்தேன். தினமும் நினைப்பதுதான், அதற்கென்று நேரம் காலம் கிடையாது. அன்று வந்தது படத்தில் இருந்த முகம். கண்ணை மூடினேன், மறுபடியும் அதே பெட்டித் தாடை. போட்டோக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் போட்டோவில் இருப்பவர் போட்டோவுக்காக நிற்பவர். நான் வைத்திருந்தது நான் பேசும்போது பேப்பரை மடக்கிவிட்டு நிமிர்கிற முகம். அதை எந்த கேமராவும் எடுக்கவில்லை. அது என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதன் மேல் ஒரு அந்நியன் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டான்.

அன்றே ஸ்டூல் போட்டு ஏறி, படத்தைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிப் பரணில் போட்டேன். இந்த இரண்டு வருடத்தில் அண்ணன் நான்கு முறை வந்தான். நான்கு முறையும் முந்தின நாள் இறக்கி மாட்டினேன். அவன் கார் தெருமுனை திரும்பியதும் கழற்றினேன். என் மகளுக்கு மட்டும் தெரியும். "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லம்மா" என்பாள். வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு போனில் புத்தி சொல்வது சுலபம்.

அவர் முகம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. கொஞ்சம் வருகிறது. நெற்றி வருகிறது, மூக்கு வருகிறது. வாய்க்குக் கீழே போனால் பெட்டி. இப்போது ஆறு வாரம் அந்தப் படம் என் கண் முன்னால் இருக்கப் போகிறது.

மார்ச் 8, சனி

இன்று முழுவதும் இடம் தேடினேன்.

ஹாலின் பெரிய சுவர்தான் அதற்கு இடம். ஆனால் சமையலறையிலிருந்து வெளியே வந்தாலே முகத்தில் அறையும். நடைவழியில் மாட்டினால் பாத்ரூமுக்குப் பக்கம், அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டான், ஆனால் பார்ப்பான். மகளின் அறையில், அதாவது அவன் தங்கப் போகிற அறையில் மாட்டலாம் என்று நினைத்தேன். தன் படத்தைத் தன்னோடு பூட்டிவிட்டாள் என்று தோன்றாதா? சாப்பாட்டு மேஜை பக்கம் என்றால் மூன்று வேளையும் எதிரே.

கடைசியில் ஒரு திருட்டு வேலை செய்தேன். ஹாலில் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். நாற்காலியையும் சோபாவையும் அதற்குத் தகுந்தாற்போலத் திருப்பிப் போட்டேன். நான் உட்கார்ந்தால் படத்துக்கு என் முதுகு. எதிரே சோபாவில் அண்ணன், அவன் கண் மட்டத்துக்குப் படம். அவனுக்கு மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, எனக்குத் தப்பிக்க வழியும் ஆச்சு. டேப் பிடித்து நடுவை அளந்து அடித்தேன். ஒரு நூல் கோணல் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். பையில் துணி கொஞ்சம், வண்ணப் பெட்டி ஒன்று. சோபாவில் உட்கார்ந்ததும் படத்தைப் பார்த்தான். "இங்க மாத்திட்டியா?" என்றான். வெளிச்சம் இங்கேதான் நன்றாக விழுகிறது என்றேன். பொய் எனக்கு அவ்வளவு சரளமாக வருகிறது.

மார்ச் 10, திங்கள்

முதல் நாள். சூடான பிளாஸ்டிக் வலையை முகத்தில் அமுக்கி அச்செடுத்து, தினமும் அதை மாட்டி மேஜையோடு இறுக்கிவிடுவார்களாம், தலை அசையாமல் இருக்க. "உங்க கடைல கூட இவ்ளோ அளவு எடுக்க மாட்டீங்க சுண்டு" என்று சிரித்தான். ஐம்பத்தெட்டு வயதிலும் நான் அவனுக்குச் சுண்டுதான்.

மார்ச் 18, செவ்வாய்

ஏழு முடிந்தது. ருசி போய்விட்டது என்கிறான். என் சமையலுக்கு இனிமேல் புகார் இல்லையாம்.

மார்ச் 23, ஞாயிறு

கடை விடுமுறை. நாள் முழுவதும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவனால் அதிகம் பேச முடியவில்லை. படத்தையே பார்க்கிறான். பேசும்போதுகூட என் தோளுக்கு மேலே பார்த்துப் பேசுகிறான். எனக்கு முதுகில் ஊறுகிற மாதிரி இருக்கிறது. உதடு சரியாக வரவில்லையோ என்று கேட்டான். நன்றாகத்தானே இருக்கிறது என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மார்ச் 29, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

கடையிலிருந்து நான்கு மணிக்கு வந்தேன். படம் கீழே, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. அண்ணன் ஈரத்துணியோடு சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பிரேமைத் துடைக்க இறக்கினானாம்.

"இங்க பாரு சுண்டு. ஒரு படம் வருஷக்கணக்கா தொங்கினா அதுக்குப் பின்னால சுவரு பழைய நிறத்தோட நிக்கும். சுத்தி மட்டும் மங்கும்." மூச்சு வாங்கிக்கொண்டான். "இந்த வீட்ல எல்லாச் சுவரையும் பாத்துட்டேன். எங்கயும் அந்தத் தடம் இல்ல."

ஆயுள் முழுக்க லிப்டுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தவன். இதை நான் எப்படி யோசிக்காமல் போனேன்? ஒரு நூல் கோணல் இல்லாமல் அளந்து அடித்தேனே, அளந்து!

எத்தனை நாளாகக் கழற்றி வைத்திருக்கிறாய் என்று கேட்டான். பேச ஆரம்பித்ததும் நிற்கவில்லை. பதினொரு நாள், பெட்டித் தாடை, கண்ணை மூடினால் அவர் வராமல் போனது, எல்லாவற்றையும் கொட்டினேன். நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. அவன் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

"அது அவர் இல்ல அண்ணே. ஒரு நாளும் அவரா இல்ல."

"சரி. பின்ன யாரு?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. படத்தை என் பக்கம் திருப்பி வைத்தான். "நல்லாப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தேன்.

"யாரோ. எனக்குத் தெரியாத ஆளு" என்றேன்.

அவன் படத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே தலையை ஆட்டினான். பிறகு டீ போடச் சொன்னான். அவனால் டீ குடிக்க முடியாது, ஆறவைத்து ஸ்பூனில்தான். போட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

காலையிலேயே ஹாலில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிட்டான். வண்ணம் குழைக்கும் சின்னக் கத்தியால் முகத்தைச் சுரண்ட ஆரம்பித்தான். வேண்டாம் அண்ணே என்று ஒரு தடவை சொன்னேன், ஒரே தடவை. இரண்டு வருடத்து எண்ணெய் வண்ணம் இறுகிப் போயிருந்தது. நெற்றியிலிருந்து பொடிப்பொடியாக வந்தது. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். நடுநடுவே படுத்துக்கொண்டான். மாலைக்குள் காது, தாடை, வாய் எல்லாம் போய், கழுத்துக்கு மேலே துணியின் நிறத்தில் ஒரு முட்டை வடிவம் மட்டும் நின்றது.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பேப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன், கையைக் கழுவினேன், பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

ஏப்ரல் 5, சனி

அவரைப் பற்றிச் சொல்லச் சொல்கிறான். "நீ சொல்லு, நான் போடறேன். போட்டோ வேணாம்." நாற்காலியை மறுபடியும் திருப்பிப் போட்டேன், இருவரும் படத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். சொன்னேன். யாராவது பேசுவதைக் கேட்கும்போது கீழ் உதடு உள்ளே போகும். புருவத்தில் வலது பக்கம் முடி குறைவு. சிரிப்பை அடக்கினால் மூக்கு விடைக்கும். அண்ணன் கரித்துண்டால் போட்டான், அழித்தான், போட்டான். கை நடுங்குகிறது. மூக்கு ஒரு தடவை கிட்டத்தட்ட வந்தது. நான் துள்ளினேன். அவன் சந்தோஷப்பட்டு அடுத்த கோடு போட்டான், போய்விட்டது.

இந்த மூன்று வருடத்தில் யாரிடமும் அவரைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இருபத்தைந்து. கழுத்துத் தோல் கருகிவிட்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை. கரித்துண்டை எடுத்து மூன்று நாளாகிறது.

ஏப்ரல் 19, சனி

முப்பதும் முடிந்து ஊருக்குப் போனான். படத்தில் கரிக்கோடுகளையெல்லாம் துணியால் துடைத்துவிட்டான். அரைகுறையாக விட்டால் அது ஒரு புது ஆளாகி உன்னைப் பயமுறுத்தும் என்றான். உடம்பு தேறியதும் வந்து முடிப்பானாம். அதுவரை பரணிலேயே இருக்கட்டும், பழகின இடம்தானே என்று கிண்டல் வேறு. கார் தெருமுனை திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றேன்.

ஜூன் 27, வெள்ளி

ஸ்கேனில் எல்லாம் சுத்தம் என்றார்களாம். அண்ணி போனில் அழுதார். அண்ணன் வாங்கி, கஞ்சிக்குப் பதில் இன்று சோறே தின்றேன் என்றான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுத்தம் இல்லை. நுரையீரலில்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அண்ணன் போய்விட்டான். காலை ஆறே முக்காலுக்கு.

செப்டம்பர் 5, வெள்ளி

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். அங்கே வைக்க ஒரு நல்ல போட்டோ கிடைக்கவில்லை. வேலை செய்த இடத்து அடையாள அட்டையைப் பெரிதாக்கினார்கள். முறைத்துக்கொண்டு இருந்தான். யாரோ லிப்டில் மாட்டிக்கொண்டு கத்துவதைக் கேட்பவன் மாதிரி. எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். மகள்தான் என்னைப் பார்த்துப் பயந்தாள்.

அக்டோபர் 11, சனி

அண்ணி வந்திருக்கிறார். முட்டி இப்போது பரவாயில்லை, மெதுவாகப் படி ஏறுகிறார். நான்கு நாள் இருப்பார். சாப்பிடும்போது அண்ணன் உட்கார்ந்த பக்கம் எது என்று கேட்டார். காட்டினேன். அங்கேயே உட்கார்ந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

காலையில் அண்ணி சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தார். கேட்கக் கூடாதுதான், உன் வீட்டுக்காரர் படம், உனக்காகப் போட்டது, ஆனாலும் கேட்கிறேன் என்றார். அந்தப் படத்தைத் தனக்குக் கொடுத்துவிட முடியுமா என்றார். எனக்குப் புரியவில்லை. என் கணவர் படம் அவருக்கு எதற்கு?

"வீட்ல இருக்கிற போட்டோல எல்லாம் வெறப்பா நிக்கிறாரு. அந்தப் படத்துலதான் அவரு அவரா இருக்காரு" என்றார் அண்ணி.

எவர் என்று கேட்டேன்.

அண்ணி என்னை விசித்திரமாகப் பார்த்தார். என் கணவர் போட்டோ என்று அண்ணனிடம் இருந்தது பாஸ்போர்ட் அளவில் ஒன்றுதானாம். அதில் நிழல் எங்கே விழுகிறது, எலும்பு எங்கே திரும்புகிறது என்று ஒன்றும் தெரியவில்லையாம். என்னிடம் வேறு கேட்டால் சர்ப்ரைஸ் கெட்டுவிடும். அதனால் சவரம் செய்யும் கண்ணாடியை எதிரே நிறுத்தி, தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாப்பிள்ளை முகத்தைப் போட்டானாம். நான்கு மாதமும் அப்படித்தான்.

"நான் அப்பவே சொன்னேன், இது மாப்ள இல்ல, மாப்ள சட்டைய மாட்டிகிட்டு நீங்கதான் நிக்கிறீங்கன்னு. முடிச்சப்பறம் அவருக்கே தெரிஞ்சிடுச்சு. வேற போடவும் தெம்பில்ல. 'சுண்டு கண்டுபிடிச்சுச் சிரிப்பா பாரு'ன்னு சொல்லிட்டுதான் ரயில் ஏறினாரு."

அந்தப் பெட்டித் தாடை. விலகின கண். இடது காது தாழ்வு. இருபது வருடமாக அண்ணனுக்கு எத்தனை கண்ணாடி மாட்டியிருப்பேன்? ஒவ்வொன்றுக்கும் இடது கம்பியை நான்தானே சூடு காட்டி வளைத்தேன். இந்தக் கையால்தானே.

ஸ்டூல் போட்டு ஏறினேன். அண்ணி கீழே நின்று பிடித்துக்கொண்டார். இறக்கி, விரிப்பை விலக்கினேன். அண்ணி பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏன்?" என்றார்.

"நான்தான் அண்ணி. அவர் மாதிரி இல்லேன்னு சொல்லிட்டேன். அதான் அண்ணன் எடுத்துட்டான்."

"யார் மாதிரி இருக்குன்னு அவரு கேக்கலையா?"

"கேட்டான்."

"என்ன சொன்ன?"

சொன்னேன். பொய் அவ்வளவு சரளமாக வருகிற எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பொய்கூட வரவில்லை. தெரியாத ஆள் என்றேன் அண்ணி என்றேன்.

அண்ணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் சாப்பிட வரவில்லை. நான் ஹாலில் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. செப்டம்பரிலிருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. நல்லாப் பாத்துச் சொல்லு என்றானே. எவ்வளவு பக்கத்தில் நின்றான்! படமும் அவனும் பக்கத்தில் பக்கத்தில். அப்பவும் தெரியலையேடா எனக்கு.

அக்டோபர் 14, செவ்வாய்

அண்ணி ஊருக்குப் போனார். படத்தை எடுத்துக்கொண்டு போனார். வேண்டாம் அண்ணி, எதற்கு என்றேன். தோள் அவருடையதுதான், அதுவும் கண்ணாடியைப் பார்த்துப் போட்டது என்றார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்குத் தைரியமில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

அண்ணி போன் செய்தார். கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறாராம். வருகிறவர்கள் ஏன் முகம் இல்லை என்று கேட்கிறார்களாம். இன்னும் முடியவில்லை என்று சொல்கிறாராம்.

என் மகள், சுவர் வெறுமையாக இருக்கிறதே, ஏதாவது நல்ல படமாக வாங்கி அனுப்பட்டுமா என்கிறாள். மலை, கடல், பூ, எது வேண்டும் என்று லிங்க் லிங்க்காக அனுப்புகிறாள். ஒன்றையும் திறக்கவில்லை.

நவம்பர் 15, சனி

இன்று கடையில் மதியம் கூட்டம் இல்லை. அளவு பார்க்கும் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நினைக்கவில்லை. அவர் வந்தார். முழுதாக வந்தார். பேப்பரை மடக்கிவிட்டு நிமிர்ந்தார், கீழ் உதடு உள்ளே போயிருந்தது, தாடை அவருடைய தாடை. மூன்று வருடம் கழித்து. வெகுநேரம் இருந்தார். கடை முதலாளியம்மா கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லையாம்.

இதை முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது அண்ணனிடம் என்றுதான் தோன்றியது. கண்ணை மூடி அவனை நினைத்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை வந்தது. பாக்கெட்டில் பேனா வந்தது. தோள் வந்தது. அதற்கு மேலே வரவில்லை.